நடவுக் காலக் கோபத்தின் பாசன முறை: ஓர் ஆய்வு

மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து, வாய்க்கால் வழியாக மடைக்கு வந்து சேர்வதற்கு வரைபடம் உண்டு. அதே தண்ணீரை முன்னிட்டுக் கிளம்பும் கோபம் எந்த வழியாக எந்த வீட்டுக் கொல்லைக்குப் போய்ச் சேர்கிறது என்பதற்கு வரைபடம் இல்லை. இக்குறையைப் போக்கத் திருவாரூர்ப் பக்கத்துக் குறுவை வீடு ஒன்று களமாகக் கொள்ளப்பட்டது.

கோபத்தின் தலைமடை ஜூன் 12. மேட்டூர் அணை திறக்கும் மரபான நாள் அது. முன்கூட்டியே திறந்தால் கோபம் தணியும் என்றொரு கருதுகோள் உண்டு. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். "வாய்க்கா தூர் வாரல, நாத்தும் வுடல, அதுக்குள்ள யாரு தெறக்கச் சொன்னா?" என்பதோடு கருதுகோள் விழுந்தது. 2024இல் ஜூலை 28 வரை திறக்கவில்லை. அவ்வாண்டின் கோபத்துக்கு விளக்கம் தேவையில்லை.

அடுத்த காரணி நாற்றின் வயது. குறுகிய கால ரகங்களை 18 முதல் 22 நாளுக்குள் பறித்து நட வேண்டும் என்பது பரிந்துரை. நாற்றுக்கு வயது ஏற ஏறக் குடும்பத் தலைவரின் வாக்கியம் குறுகுகிறது. முதல் வாரத்தில் எழுவாய், பயனிலை எல்லாம் இருக்கும். இருபதாம் நாளில் "ம்" மட்டும். அதற்கு மேல் துண்டை உதறும் ஓசையை வைத்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

இனி முக்கியமான விதி: கோபம் ஒருபோதும் மேல்மடைக்கு ஏறாது. மேல்மடைக்காரர் ராத்திரியோடு ராத்திரியாக மடையை அடைத்து வைத்திருக்கிறார். அவரிடம் தலைவர், "அண்ணே, ஒரு ரெண்டு மணி நேரம் உடுங்கண்ணே" என்கிறார். சேறடிக்க வருவதாகச் சொல்லி மூன்று நாளாக வராத டிராக்டர்காரர், "தம்பி." ஆள் குறைத்துக்கொண்டு வந்த நடவுக் கொத்தின் தலைவி, "அக்கா, சாயந்தரம் வடை வாங்கியாரேன்." மேற்கு வங்காளத்திலிருந்து வந்து நடும் குழுவிடம் காட்டினாலும் பயனில்லை, மொழி தெரியாததால் அவர்கள் சிரித்துவிடுகிறார்கள். இப்படிச் செலவாகாமல் சேர்ந்துகொண்டே போவது, பொழுது சாயும்போது மேட்டூரின் முழு நீர்மட்டமான 120 அடியைத் தொட்டபடி வாசற்படி ஏறுகிறது.

வீட்டுக்குள் முறைப்பாசனம்தான். முதல் முறை மகனுக்கு: "மண்வெட்டி எங்கடா?" மண்வெட்டி தலைவரின் தோளில் இருப்பது ஆய்வில் பலமுறை உறுதியாயிற்று. அடுத்த முறை மனைவிக்கு: ரசத்தில் உப்பு. மிச்சம் கசிவது கன்றுக்குட்டிக்கு. கிழவி மட்டும் விதிவிலக்கு. திண்ணையிலிருந்து அவர், "ஒங்கப்பன் பம்புசெட்டு இல்லாத காலத்துலயே நட்டாருடா" என்றதும் தலைவர் "சரிம்மா" என்று கொல்லைப் பக்கம் போய்விடுகிறார். வயலில் காணாத எதிரோட்டம் இது.

நீருக்கும் கோபத்துக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இங்கேதான் புலப்படுகிறது. தண்ணீர் கடைமடைக்குப் போகப் போகக் குறையும். வேதாரண்யம் பக்கம் கேட்டால் சொல்வார்கள். கோபமோ கடைமடையில்தான் வந்து தேங்கும்.

மனைவியை இதுவரை பாசனப் பரப்பாகவே எல்லோரும் கணித்துவந்தனர். என் கணிப்பில் அவர் வடிகால். விடியுமுன் எழுந்து ஆளுக்குச் சோறாக்கி, தூக்குவாளியில் டீ அனுப்பி, தானும் சேற்றில் இறங்கி நட்டு, இத்தனைக்கும் மேல் இதையும் வடிய விடுகிறார். படுகையில் வாய்க்காலைப் பற்றிப் பேசுமளவு யாரும் வடிகாலைப் பற்றிப் பேசுவதில்லை. மழையில் பயிர் மூழ்கும்போதுதான் நினைவு வரும். நடவின் மூன்றாம் நாள் வடிகால் அடைத்துக்கொண்டது. "வரப்புல நின்னு கத்தறது சுளுவுதான். எறங்கி ஒரு பத்தி நட்டுட்டு வந்து உப்பப் பத்திப் பேசுங்க." தலைவர் ரசத்தை மறுமுறை ஊற்றிக்கொண்டார்.

வீட்டின் கடைமடை யார் என்ற கேள்வி மட்டும் நிலுவையில் இருந்தது. கன்றுக்குட்டி என்றே முதலில் எழுதியிருந்தேன். நான்காம் நாள் காலை, நோட்டுப் புத்தகத்துடன் வரப்போரம் நின்றிருந்தபோது தலைவர் கண்ணில் நான் பட்டேன்.

"படிச்ச புள்ள சும்மாதானே நிக்கிற? அந்த நாத்து முடியத் தூக்கிட்டு வா."