தனியாள் கடற்கரைச் செலவில் செருப்பின் நிலை: சைதாப்பேட்டையை முன்வைத்து ஓர் ஆய்வு

துணையின்றிக் கடலோர நகரங்களில் திரிவோரைப் பற்றி உலகில் நூல்களுக்குப் பஞ்சமில்லை. பதினேழாம் நூற்றாண்டுத் துருக்கியர் எவ்லியா செலெபி தம் ஊர்சுற்றலைப் பத்துத் தொகுதிகளாக எழுதி வைத்தார். பத்தையும் படிப்பது ஆய்வுக்கு உகந்ததன்று. பெயரைச் சொல்லிவிட்டு அப்பால் செல்வதே மரபு, யாமும் செல்கிறோம்.

தமிழில் இத்துறையின் முதல்நூல் பட்டினப்பாலை. காவிரிப்பூம்பட்டினத்தின் கடைத்தெரு, சுங்கம், பண்டகசாலை என்று 301 அடிகளில் ஊரையே சுற்றிக் காட்டும் அந்நூலில் தலைவன் ஊருக்கே கிளம்புவதில்லை. பட்டினமே கிடைத்தாலும் இவளைப் பிரியேன் என்று வீட்டோடு இருந்துவிடுகிறான். எனவே அவன் செருப்புக்குச் சேதமில்லை. இந்நூலுக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர், ஓரடியில் கிடந்த சொல்லைப் பிடுங்கி வெகுதொலைவில் நட்டு, அதற்கு ‘மாட்டு’ என்று இலக்கணமும் காட்டினார். மறைமலையடிகளுக்கு இது ஒப்பவில்லை. தாமே ஆராய்ச்சியுரை எழுதினார். சைதாப்பேட்டைப் பாலம் இன்று அடிகள் பெயரில்தான் இருக்கிறது. எட்டாத இரண்டை இணைப்பதே தொழிலாகக் கொண்டவர் நச்சினார்க்கினியர். பாலத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கலாம் என்பது எம் துணிபு.

பாலத்தை ஆய்வாளர் லேசாகக் கடந்துவிடக் கூடாது. 1726இல் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் தம் கைப்பணத்தில் அடையாற்றின் குறுக்கே இங்கே ஒரு பாலம் கட்டினார். அந்தப் பாலம் போய்விட்டது, கல்வெட்டு மட்டும் நிற்கிறது. வரலாற்றாசிரியர்கள் இதை வணிகம், சமயம், ஈகை என்று பலவாறு விளக்குவர். மையப்பொருளை அவர்கள் தொடவேயில்லை. ஆற்றைத் தாண்டச் செருப்பைக் கழற்ற வேண்டிய அவசியம் சைதாப்பேட்டையில் 1726லேயே தீர்ந்துவிட்டது. கடலில் கால் நனைக்கும் விஷயத்தில் இன்றுவரை தீரவில்லை. இதுவே எம் கருதுகோள்.

சைதாப்பேட்டையில் பெசன்ட் நகர் பஸ் ஏறிய தனியாள் பாலம், சின்னமலை, சர்தார் படேல் சாலை வழியாகக் கடலை நோக்கிப் போகிறான். வழியில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வரும். தோலை எப்படிப் பதனிடுவது, செருப்பாக்குவது என்று 1948 முதல் அங்கே ஆராய்கிறார்கள். அந்தச் செருப்பைக் கரையில் விட்டால் யார் பார்த்துக்கொள்வது என்பதற்கு நாட்டில் ஓர் ஆராய்ச்சி நிறுவனமும் காணோம். (காண்க: படிக்கட்டில் தொங்கியவர், வாய்மொழி, “உள்ள போப்பா” என்ற பாடபேதத்துடன்.)

இனி வகைப்பாடு. குடும்பத்தோடு வருவோர்: பாட்டி காவல், ஆய்வுக்குரியர் அல்லர். காதலர்: செருப்பையே மறந்தவர்கள்.

தனியாளரோ நான்கு மரபினர். கையில் ஏந்துவோர் முதல் மரபினர். அலை வரும்போது வேட்டியைத் தூக்குவதா, செருப்பைத் தூக்குவதா என்று திகைத்து இரண்டையும் நனைப்பர். இரண்டாமவர் அஷ்டலட்சுமி கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு, சாமி கும்பிடாமலே கடலுக்கு நழுவுவர். பகல் இரண்டு மணி மணல் இவர்களுக்குத் தண்டனை தரும். மூன்றாமவர் பஜ்ஜிக் கடை அக்காவை நம்புவோர். “அப்டி ஓரமா வுட்டுட்டுப் போண்ணா, வந்து ஒரு பிளேட்டு சாப்பிடு” என்பது இம்மரபின் மூலபாடம். பின்வாக்கியம் இடைச்செருகல் என்பாரும் உளர். அதுவே மூலம், முன்வாக்கியம்தான் இடைச்செருகல் என்பது வாழைக்காய்ப் பஜ்ஜி உரைகாரர் கொள்கை. (எண்ணெய்க் காகிதச் சுவடி, இரண்டாம் மடிப்பு, மிளகாய்க் கறைக்குக் கீழ், முதல் மடிப்பு காக்கைக்குப் போயிற்று.)

நான்காம் மரபு அடையாள மரபு. இதை விரித்துரைக்காமல் விட மனமில்லை. 1930இல் நீரில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க்காரர் ஷ்மிட்டின் வெள்ளை நினைவுச்சின்னம் பெசன்ட் நகர்க் கரையில் நிற்கிறது. அதற்கு நேர் எதிரே செருப்பை விட்டுவிட்டு நீரில் இறங்குகிறான் தனியாள். கால் மணி நேரம் கழித்து ஏறினால் எதிரே நினைவுச்சின்னம் இல்லை, குல்ஃபி வண்டி நிற்கிறது. திருட்டு என்று பாமரர் கூவுவர். உண்மையில் நகர்ந்தது ஆள். சென்னைக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து மணலை வடக்கே தள்ளுகின்றன. துறைமுகச் சுவர் அந்த மணலை மறித்ததால்தான் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊரை அரித்தது. ஒரு கடற்கரையையே பெயர்த்து வைக்கும் ஓட்டத்துக்குக் கணுக்கால் நனைத்தவன் எம்மாத்திரம்! ஆகவே சூத்திரம்: கோடையில் செருப்பைத் தெற்கே தேடுக. வடகிழக்குப் பருவக்காற்றில் ஓட்டம் திரும்பும், வடக்கே தேடுக. புரட்டாசிக் கடைசியில் எத்திசை என்பதில் புலவரிடையே பூசலுண்டு. (பலூன் சுடுவோர் மெய்க்கீர்த்தி, சுண்டல் சங்க ஏடு, நள்ளிரவுப் பதிப்பு, ரோந்துப் போலீஸ்காரர் விசிலால் எழுதிய மறுப்புரையோடு ஒப்பிட்டுக் காண்க, அவ்வுரையின் பொருள் “கெளம்பு கெளம்பு” என்பதில் மட்டும் பூசலில்லை.)

துருக்கியின் இஸ்மிரில் இச்சிக்கல் எழவில்லை என்பதையும் பதிவு செய்கிறோம். அங்கே கோர்டோன் என்னும் கடலோர நடைபாதை கல் பாவியது, அருகே புல்வெளி. தனியே வந்தவன் கால் நனைக்காமலே எள் தூவிய வளைய ரொட்டியைக் கடித்து, குட்டிக் கண்ணாடிக் குவளையில் டீ குடித்து, கொனாக் மணிக்கூண்டில் மணி பார்த்துக்கொண்டு, படகேறி அக்கரைக்கும் போய்வந்துவிடலாம், கழற்றாத செருப்போடு. இதனாலேயே அந்நாட்டில் இத்துறை வளரவில்லை எனலாம்.

சட்டைப் பையிலுள்ள போன், சாவி, பஸ் பாஸ் ஆகியவற்றின் காவலை இக்கட்டுரை தொடவில்லை. மேலாய்வு மேற்கொள்ள நிதிநல்கை கோரியுள்ளோம். தொகை: ஒரு ஜோடி ரப்பர் செருப்பின் விலை, ரசீது இணைக்கப்படும்.