ஏணையில் ஓர் இலக்கணப் பாடம்

கேள்வி: சொல்லின் முதலில் டகரமும் ரகரமும் வராது என்கிறது தொல்காப்பியம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதை எப்போது படித்தார்கள்?
– வாசகர், ஈச்சிலம்பற்று

பதில்: ஏணையில் கிடந்தபோது! 1996இல் அமெரிக்காவில் ஜெனி சாஃப்ரன் குழுவினர் எட்டு மாதக் குழந்தைகளுக்கு, இடைவெளியே இல்லாத ஒரு போலி மொழியை இரண்டே நிமிடம் கேட்கவிட்டார்கள். எந்த அசைக்குப் பின் எது வழக்கமாக வருகிறது என்பதை மட்டும் வைத்தே சொற்களின் எல்லையைப் பிள்ளைகள் பிடித்துவிட்டன. எல்லை பிடிபட்டால், சொல் எந்த ஒலியில் தொடங்கும், எதில் தொடங்காது என்பதும் கூடவே பிடிபடும். அதுவும் பேச்சே வராத வயதில். "அம்மாமார் திருத்துகிறார்களே" என்பீர்கள். 'சோறு' என்பதைச் 'சோலு' என்றால் திருத்துவார்கள்தான். ஆனால், 'பக்கம்' என்பதில் ககரம் கெட்டியாகவும் 'தங்கம்' என்பதில் இளகியும் ஒலிக்க வேண்டுமென எந்த அம்மா வகுப்பெடுத்தார்? (எழுத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் இரண்டும் ஒன்று என்ற மயக்கம்.) உங்கள் ஊர்ப் பெயரையே எடுங்கள். அதிலுள்ள 'ற்று' பள்ளிக்குப் போகாத உங்கள் பிள்ளையின் வாயில் நுனிநாக்கு ஒற்றியதோடு முடிந்துவிடும். சென்னைப் பேராசிரியர் வாசித்தால் பின்னால் ஒரு ரகரம் ஒட்டும். இருவரும் விதி படித்து அப்படிச் சொல்லவில்லை, கேட்ட ஊர்கள் வேறு.

அப்படியென்றால் 'ரியூசன்' மட்டும் எப்படி ரகரத்தில் தொடங்குகிறது? அது காசு கட்டி உள்ளே வந்தது!