மூன்று வாரம் கழித்து, மூன்று மணிக்கு

ஜெர்மனியில் என்னை முதலில் வீட்டுக்கு அழைத்தவர் என் ஆய்வு வழிகாட்டி. பையிலிருந்து டைரியை எடுத்தார், பக்கங்களைப் புரட்டினார், மூன்று வாரம் தள்ளி வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் என் பெயரை எழுதிக்கொண்டார். மூன்று மணிக்கு, காபிக்கு. வாசலில் பார்த்தாலே “ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க” என்று மறிக்கும் ஊரிலிருந்து போனவனுக்கு இது அழைப்பாகவே படவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். மாலை முழுவதையும் எனக்காகவே ஒதுக்கி வைத்திருந்தார். முட்டை சாப்பிட மாட்டேன் என்று எப்போதோ சொன்னதை நினைவில் வைத்து, அவருடைய மனைவி முட்டையில்லாத ஆப்பிள் கேக் செய்திருந்தார். மூன்று வாரமாக ஒரு வீட்டில் நம்மை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்பது அந்த மேசையில் உட்கார்ந்தபோது தெரிந்தது. அந்த உபசரிப்பை இன்றும் உயர்வாகத்தான் நினைக்கிறேன்.

அது 1999. ஐ.ஐ.டி. மெட்ராஸில் எம்.டெக். படித்துக்கொண்டிருந்தேன். பாடங்கள் சென்னையில், ஆய்வேடு ஜெர்மனியில் என்கிற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி.யின் ‘சாண்ட்விச்’ உதவித்தொகைத் திட்டம் 1997இல்தான் தொடங்கியிருந்தது. ஆனால் உறவு பழையது. 1956இல் நேரு மேற்கு ஜெர்மனி சென்றபோது கிடைத்த வாக்குறுதியும், 1959இல் பான் நகரில் கையெழுத்தான ஒப்பந்தமும்தான் கிண்டி மரங்களுக்கு நடுவே அந்த நிறுவனத்தைக் கொண்டுவந்தன. ஜெர்மன் இயந்திரங்களை ஆய்வகத்தில் தொட்டுப் பழகியிருந்தேன். அந்த மனிதர்களைத்தான் தெரியாது.

போய்ச் சேர்ந்த ஊர் ஆஹன். பெல்ஜியமும் நெதர்லாந்தும் பேருந்து தூரத்தில். உதவித்தொகை மாதாமாதம் மார்க்கில் கணக்கில் விழும். கல்விக் கட்டணம் இல்லை. விடுதி அறை முன்பே ஏற்பாடாகியிருந்தது. ரயில் நிலையத்தில் ஒரு மாணவன் என் பெயர் எழுதிய அட்டையோடு நின்றான். புறப்படும் முன்பே ஜெர்மன் வகுப்புக்கு அனுப்பியிருந்தார்கள், போனபிறகும் மொழிப் பயிற்சி தொடர்ந்தது. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கடைகள் மூடிவிடும், அதன்பிறகு திங்கட்கிழமைதான். வீட்டுக்குப் பேச டெலிபோன் கார்டு வாங்க வேண்டும், அது பேசத் தொடங்கியதும் கரைந்துவிடும். அம்மாவின் இன்லண்ட் லெட்டரை நம்ப முடியாது, அது வெளிநாட்டுக்கு வராது என்பதால் அப்பா ஏர்மெயில் உறையாக வாங்கி அடுக்கி வைத்திருந்தார்.

வகுப்பறையில் வேறு உலகம். கடிகாரத்துக்குப் பேர்போன நாட்டில், பத்து மணி விரிவுரை என்றால் பத்தேகாலுக்குத் தொடங்குவது பல்கலைக்கழக மரபு. முடிந்ததும் கைதட்ட மாட்டார்கள், எல்லோரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். பேராசிரியர் உள்ளே வந்தால் யாரும் எழுந்து நிற்பதில்லை. ஆய்வரங்கில் என் கணக்கீட்டை ஒரு மாணவன் வரிவரியாகப் பிரித்துப்போட்டான், வழிகாட்டியும் அவனோடு சேர்ந்துகொண்டார். அரைமணி நேரம் கழித்து அதே மாணவன் எனக்கும் சேர்த்துக் காபி எடுத்துக்கொண்டு வந்தான். வேலையைக் குறை சொன்னால் அது ஆளைக் குறை சொன்னதாகாது என்று அவர்கள் நடந்து காட்டினார்கள். நம் கல்லூரிகள் இதை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

ஆனால் நான் ஜெர்மனியைப் படித்தது விடுதிச் சமையலறையில். ஒரு தாழ்வாரத்து அறைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே சமையலறை. இந்த வாரம் யார் துடைக்க வேண்டும் என்ற பட்டியல் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கும். பிறந்தநாள்காரர் தானே கேக் செய்து கொண்டுவந்து மற்றவர்களுக்கு வெட்டிக் கொடுப்பார். நான் கடுகு தாளிக்கும்போது கதவுகள் திறக்கும். ஐஃபல் மலைக் கிராமத்துப் பையன் ஒருவன் என்னிடம் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டான், பதிலுக்கு என் ஜெர்மன் வாக்கியங்களைத் திருத்தினான். கிறிஸ்துமஸுக்குத் தன் வீட்டுக்கே அழைத்துப் போனான். டிசம்பர் 24 இரவு, ஊரில் ஒரு கடை திறந்திருக்கவில்லை, தெருவில் ஆளில்லை. எல்லாம் வீட்டுக்குள்தான்.

அங்கே அவனுடைய பாட்டி இருந்தார். ஜெர்மன் தவிர வேறு மொழி தெரியாது. 1944 இலையுதிர் காலத்தில், சிறுமியாக நிலவறைக்குள் ஒளிந்திருந்ததைச் சொன்னார். நேசப் படைகளிடம் வீழ்ந்த முதல் பெரிய ஜெர்மன் நகரம் ஆஹன், அந்த அக்டோபர் 21ஆம் தேதி. பக்கத்து ஹுர்ட்கன் காட்டில் சண்டை மாதக்கணக்கில் நீண்டது. யார் ஜெயித்தார்கள் என்று பாட்டி பேசவில்லை. பசியைப் பற்றிப் பேசினார், திரும்பி வராத அண்ணனைப் பற்றிப் பேசினார். என் தட்டில் ரொட்டி தீர்ந்தபோதெல்லாம் இன்னொரு துண்டு வைத்தார். தட்டுத்தடுமாறிய என் ஜெர்மன் அன்று சம்பாதித்துத் தந்ததை எந்தப் பட்டமும் தரவில்லை.

2000 பிப்ரவரியில் ஹனோவர் கண்காட்சியில், கணினி வல்லுநர்களை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க ‘கிரீன் கார்டு’ தரப்போவதாகப் பிரதமர் ஷ்ரோடர் அறிவித்தார். ஆஹன் இருக்கும் நார்த் ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. எதிர்க்கட்சி வேட்பாளர் யூர்கன் ருட்கர்ஸ் பக்கம் ஒரு முழக்கம் எழுந்தது: இந்தியர்கள் வேண்டாம், நம் குழந்தைகள் போதும் என்பது அதன் சாரம். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு ஐஃபல் நண்பன், “எனக்கு வெட்கமாக இருக்கிறது” என்றான். மே மாதம் அந்தக் கட்சி தோற்றது. ஐந்து ஆண்டு கழித்து அதே ருட்கர்ஸ் அந்த மாநிலத்தின் முதல்வரானார் என்பதும் வரலாறு.

இன்றைய கதையைப் பாருங்கள். 2024 அக்டோபரில் ஜெர்மன் அரசு இந்தியாவுக்கென்றே திறன் பணியாளர் திட்டம் வகுத்தது. ஆண்டுக்கு 20,000 ஆக இருந்த விசாவை 90,000 ஆக உயர்த்துகிறோம் என்றது. 2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியில் படித்த இந்தியர்கள் ஏறத்தாழ 49,000 பேர், வெளிநாட்டு மாணவர்களில் முதலிடம். அதே சமயம் 2025 பிப்ரவரி நாடாளுமன்றத் தேர்தலில் குடியேற்றத்தை எதிர்க்கும் ஏ.எஃப்.டி. கட்சி 20.8 சதவீத வாக்கோடு இரண்டாவதாக வந்தது. கதவும் அகலத் திறக்கிறது, கதவருகே முணுமுணுப்பும் கூடுகிறது.

அந்த 49,000 பேருக்குப் பின்னால் போனவள் என் அக்கா மகள். ஆஹனில் முதுகலை, பாடமெல்லாம் ஆங்கிலத்தில். போன வருடம் அவளைப் பார்க்கப் போனேன். தமிழ்ப் பிள்ளைகள் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீடு. கறிவேப்பிலை, முருங்கைக்காய், சாம்பார் பொடி எல்லாம் கிடைக்கிறது. அக்காவோடு தினமும் வீடியோ காலில் சமையல் நடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் மட்டும் தெரியாது.

“அவங்க பேசவே மாட்டாங்க மாமா,” என்றாள். “லஞ்ச்ல நான் போய் உட்கார்ந்தா எனக்காக இங்கிலீஷுக்கு மாறுவாங்க. பத்து நிமிஷத்துல மறுபடி ஜெர்மன்தான். நான் போனைப் பார்த்துட்டு இருப்பேன்.”

கேட்கவே கஷ்டமாக இருந்தது. ஆனால் அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, உரிமையும் இல்லை. விசாவுக்காக முடக்குக் கணக்கில் அவள் கட்டிய தொகை 11,904 யூரோ, மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். அந்தத் தொகை வங்கிக் கடன். வார இறுதியில் கிடங்கு வேலை. சட்டப்படி ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம், அவள் ஒரு நாளையும் விடுவதில்லை. அறை தேடியே முதல் பருவத்தில் பாதி போனது. எனக்கு ஐஃபல் கிறிஸ்துமஸ் கிடைத்ததற்குக் காரணம் என் குணம் மட்டுமில்லை. ஜெர்மன் மக்களின் வரிப்பணம் எனக்கு நேரத்தை வாங்கிக் கொடுத்திருந்தது. பழக நேரம் வேண்டும். கடனில் படிக்கிற பிள்ளைக்கு அது கிடைப்பதில்லை.

இதோடு விட்டுவிடலாம் என்றால், எனக்கு அன்று சோறு போட்ட யாழ்ப்பாணத்து அண்ணன் நினைவுக்கு வருகிறார். போரிலிருந்து தப்பி வந்தவர். உதவித்தொகை இல்லை, பட்டமில்லை, உணவகச் சமையலறையில் இரவு வரை நிற்பார். ஆனால் ஜெர்மன் சரளம். “கோப்பை கழுவிக்கொண்டுதான் தம்பி படிச்சனான். பாஷை தெரியாட்டி இஞ்ச ஒருத்தரும் மதிக்காயினம்,” என்பார். அவரைப் போன்றவர்கள் நிலைத்து நின்றதால்தான் 2002இல் ஹம் நகரில் காமாட்சி அம்பாளுக்குக் கோபுரத்தோடு கோயில் எழுந்தது. என்னைவிடவும் என் அக்கா மகளைவிடவும் அவருக்கு நேரம் குறைவு. இருந்தும் கற்றார், ஏனென்றால் ஆங்கிலம் என்ற குறுக்குவழி அவருக்கு இல்லை.

ஆகவே பிள்ளைகளை அனுப்பத் துடிக்கும் பெற்றோருக்குச் சொல்கிறேன். “ஜெர்மனியில் படிப்பு இலவசம்” என்ற விளம்பரத்தை அப்படியே நம்பாதீர்கள். பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017 முதலே பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது. ஆங்கிலத்திலேயே படித்துவிடலாம் என்று ஏஜென்ட் சொன்னால், படிக்கலாம், வாழ முடியுமா என்று திருப்பிக் கேளுங்கள். புறப்படுவதற்கு ஓராண்டு முன்பே சென்னை மேக்ஸ் முல்லர் பவனிலோ வேறு நல்ல ஜெர்மன் வகுப்பிலோ சேர்த்து, பி1 நிலை முடித்த பிறகு விமானம் ஏற்றுங்கள். அந்த வகுப்புக் கட்டணத்தையும் கடன் தொகையில் சேர்த்தே கணக்குப் போடுங்கள். போன பிறகு ஜெர்மன் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஓர் அறை தேடச் சொல்லுங்கள்.