விதியா, கையா?

கேள்வி: எல்லாம் விதிப்படி என்கிறார் அப்பா, எல்லாம் நம் கையில் என்கிறான் தம்பி. நான் யார் பக்கம் நிற்பது?
- ஒரு வாசகி, மண்டபம்

பதில்: புயலுக்கு அப்பா பக்கம், படகுக்குத் தம்பி பக்கம்! பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறியதும் பாருங்கள். காற்று யார் பேச்சையும் கேட்காது. நாட்டுப்படகைக் கரையேற்றிக் கட்டும் கயிறு கேட்கும். தன் செயலுக்குப் பலன் உண்டு என நம்புகிறவர்தான் அந்தக் கயிற்றைத் தேடி ஓடுவார். இந்த நம்பிக்கையை அளக்கவே 1966-இல் உளவியலாளர் ஜூலியன் ராட்டர் ஒரு வினாப்பட்டியல் வெளியிட்டார். நமக்கு அதற்கு முன்பே தேர்வு வந்துவிட்டது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்து, பாம்பன் பாலத்தையும் குலைத்தது. பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் ரயில்வேக்காரர்கள் கடலில் விழுந்த கர்டர்களை மீட்டுப் பொருத்தி, 46 நாளில் பாலத்தைச் சீராக்கினார்கள்.