ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு முன்னும் பின்னும்: கம்பம் பள்ளத்தாக்கின் பயண அறிவுரை மரபு குறித்த ஓர் ஆராய்ச்சி

இக்கட்டுரை என் நுதலிற்றோ எனின், கம்பம், சின்னமனூர், போடி, தேனி வட்டாரங்களில் பெற்றோர், வேலைக்குப் போய்விட்ட தம் பிள்ளைகளுக்கு ஊர் கிளம்பும் நேரத்தில் சொல்லும் சொற்களின் இலக்கணம் உணர்த்துதல் நுதலிற்று. கள ஆய்வு டீக்கடை பெஞ்சுகளிலும் தேனி ரயில் நிலைய நடைமேடையிலும், பெரும்பாலும் ஒட்டுக்கேட்டு நடத்தப்பட்டது.

தலைவன் ஊரைவிட்டுப் பிரிவதற்குக் காரணம் வகுத்தவர் தொல்காப்பியர். கல்வி, பகை, தூது, பொருள் என ஏதாவது ஒன்று வேண்டும். பள்ளத்தாக்குத் தந்தையர் இன்றும் இந்த மரபினரே. பகையையும் தூதையும் எடுத்துவிட்டுக் கல்யாணம், கேதம், ஆஸ்பத்திரி, கோயில் ஆகியவற்றைச் சேர்த்திருக்கிறார்கள் என்பதே திருத்தம். "சனி, ஞாயிறு மூணாறு போறோம்" என்று மகன் சொன்னதும் "அங்க என்ன சோலி?" என்று கேள்வி வருவது இதனால்தான்.

இதற்கு வரலாற்று நியாயமும் உண்டு. கம்பத்திலும் போடியிலும் விடிகாலையில் ஜீப்புகள் ஆள் ஏற்றிக்கொண்டு இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு மலையேறும், சாயந்தரம் இறங்கும். மலை என்றால் அப்பாவுக்கு அட்டைக்கடியும் கூலியும். அதே மலையில் ஒரு ராத்திரி தூங்குவதற்கு மகன் காசு கட்டுகிறான் என்பதை அவருடைய கணக்குப்புத்தகம் எந்தப் பத்தியில் எழுதும்? "ரூமு எதுக்குய்யா? வெள்ளன கெளம்புனா பொழுசாய வந்துரலாம்ல" என்பது அவர் தரப்பு.

இவ்விடத்தில் பஞ்சாங்கம் யார் பக்கம் என்று ஆராய்வது கடன். திங்கள், சனி கிழக்கே சூலம். செவ்வாய், புதன் வடக்கே. வியாழன் தெற்கே. வெள்ளி, ஞாயிறு மேற்கே. போடிக்கு மூணாறு மேற்கு. ஞாயிற்றுக்கிழமை போய்த் திரும்பலாமென்றால், போகும் திசையில் சூலம். சனிக்கிழமை போய் அன்றே திரும்பலாமென்றால், வரும் திசையில் சூலம். வாரக்கடைசியில் குற்றமில்லாத வழி ஒன்றே ஒன்றுதான்: சனிக்கிழமை போய், இரவு தங்கி, ஞாயிற்றுக்கிழமை இறங்குவது. அதாவது, ரூம் போடுவது சாத்திர சம்மதம். இம்முடிவைச் சில தந்தையரிடம் முன்வைத்தபோது, வீடு திரும்புகிறவனுக்குச் சூலமே கிடையாது என்று புதிய நூற்பா ஒன்றை அந்த இடத்திலேயே இயற்றினார்கள். மரபு இப்படித்தான் வளர்கிறது.

சென்னைப் பயணம் இன்னும் சிக்கல். கம்பத்திலிருந்து சென்னை ஏறக்குறைய நேர் வடகிழக்கு. ஆகவே கிழக்குச் சூலமும் வேண்டாம், வடக்குச் சூலமும் வேண்டாம் என்று நான்கு நாள் கழிகிறது. மிச்சம் வியாழன், வெள்ளி, ஞாயிறு. வெள்ளிக்கிழமை வீட்டுப் பிள்ளை வெளியேறக் கூடாது என்று அம்மா அதையும் கழிப்பார். எஞ்சியவை வியாழனும் ஞாயிறும். இப்போது தென்னக ரயில்வேயின் அட்டவணையைப் பாருங்கள். போடியிலிருந்து சென்னைக்கு ரயில் செவ்வாய், வியாழன், ஞாயிறு. மூன்றில் இரண்டு பொருந்துகிறது! ரயில்வே வாரியத்தில் யாரோ பாம்புப் பஞ்சாங்கம் பார்க்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமை டிக்கெட் எடுத்துவிட்டவர்களுக்கு வடக்குச் சூலத்தின் பரிகாரம் பால். ஒரு டம்ளர் போதும்.

ஆனால் நாள் ஒத்துவந்தாலும் நேரம் ஒத்துவருவதில்லை. ஞாயிறு ராகுகாலம் நாலரை முதல் ஆறு. ரயில் போடியில் புறப்படுவது இரவு எட்டரைக்கு. தேனிக்கு ஒன்பதுக்குள் வரும். கம்பத்திலிருந்து தேனி நாற்பது கிலோமீட்டர். ஏழு மணிக்குக் கிளம்பினால் போதும் என்பது மகள். நாலரைக்கு முன் கிளம்ப வேண்டும் என்பது அப்பா. ஆறு மணிக்கு மேல் கிளம்பினாலும் ராகுகாலம் தப்புமே என்றால், "வழியில வீரபாண்டில திருவிழாக் கூட்டம் இருந்தா?" என்பார். கௌமாரியம்மன் திருவிழா சித்திரையில்தான். பேச்சு நடப்பது ஐப்பசியில். நல்ல நேரத்துக்கும் ஆள் கிளம்பும் நேரத்துக்கும் உள்ள இடைவெளியை நிரப்பவே முன்னோர் பரஸ்தானம் என்ற ஒன்றை வைத்தார்கள். நல்ல நேரத்தில் பை மட்டும் கிளம்பி எதிர்வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆள் சாவகாசமாகப் போகலாம். விமானக் கம்பெனிகள் இன்று வெப் செக்கின் என்று சொல்லிக்கொள்வது இதைத்தான்.

அடுத்து, அறிவுரைகளின் அடுக்குகள். மண்ணைத் தோண்டுவதுபோல் இவற்றையும் தோண்டிக் காலம் கணிக்கலாம். "பாரிஸ்ல எறங்கி ஆட்டோ புடி" என்றால் அது 2002க்கு முந்தைய படிவு. "கோயம்பேட்டுல எறங்கு" என்றால் 2002 முதல் 2023 வரை. கிளாம்பாக்கம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்தது. அந்த அடுக்கு இன்னும் இறுகவில்லை. மதுரைப் படிவு மட்டும் அசையாதது. தேனிப் பஸ் ஆரப்பாளையத்தில்தான், மாட்டுத்தாவணியில் போய் நிற்காதே என்ற வாக்கு இன்றும் செல்லும். ரயில் குறித்த படிவு நடுவில் அறுந்துகிடக்கிறது. 1928இல் வந்த போடி மீட்டர்கேஜ் பாதை அகலப்படுத்துவதற்காக 2010 கடைசியில் மூடப்பட்டது. ரயில் தேனிக்கு 2022 மே மாதமும், போடிக்கு 2023 ஜூனிலும்தான் திரும்பி வந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷம் ரயிலே இல்லாமல் போனதில் ஒரு தலைமுறைத் தந்தையருக்கு ரயில் அறிவுரை சொல்லும் பயிற்சி விட்டுப்போயிற்று. குறையை அவர்கள் பஸ் அறிவைக்கொண்டே சமாளிக்கிறார்கள். இதன் விளைவு பின்னால் வரும்.

நடுவுநிலை தவறாமல் ஒன்று சொல்ல வேண்டும். சபரிமலை சீசனில், கூட்டம் மிகும்போது, போகிற வண்டிகளைக் கம்பம் மெட்டு வழியாகவும் திரும்புகிற வண்டிகளைக் குமுளி வழியாகவும் போலீஸ் திருப்பிவிடும். போனில் வரைபடம் பார்த்தபடி லோயர் கேம்ப் நோக்கிச் சென்று மாட்டிக்கொண்ட இளைஞர்களை, "நான் சொன்னா எவன் கேக்குறான்" என்ற வாக்கியம் அங்கேயே எதிர்கொள்ளும். வாக்கியத்தின் தொனியில் உள்ள மகிழ்ச்சி ஆய்வாளர் செவிக்குத் தப்பவில்லை.

உண்மையில் இரு தரப்பும் பார்ப்பது வெவ்வேறு வரைபடம். அப்பாவின் வரைபடத்தில் ஊர்கள் இல்லை, ஆட்கள் இருக்கிறார்கள். திருச்சி என்றால் பெரியம்மா மகன், கோயம்புத்தூர் என்றால் கூடப் படித்த ஒருவர். "அங்க நமக்கு யாரு இருக்கா?" என்ற கேள்விக்கு விடையில்லாத ஊர் அவரைப் பொறுத்தவரை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. பிள்ளைகளோ முகம் தெரியாத ஆயிரம் பேர் போட்ட நட்சத்திரங்களை நம்பிப் போகிறார்கள். இதை அப்பா பரிகசிப்பார். ஆனால் அவருடைய தகவலுக்கு மூலம், எப்போதோ ஒருமுறை அந்த ஊர் போய்வந்த ஒரு கண்டக்டர்.

இந்தச் சொந்தக்கார வரைபடத்தின் வெளிப்பாடுதான் பன்னீர் திராட்சைப் பெட்டி. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பழம், தோல் மெல்லிசு. காட்பாடி வருவதற்குள் அடிக்கொத்து சாறாகி அடுத்தவர் பெர்த்துக்குப் போய்விடும் என்று எடுத்துச் சொல்லிப் பயனில்லை. பெட்டி, சித்தப்பா வீட்டுக்கு. மகள் தங்குவது வேறு கோடியில் என்பதும் பயன்படாது.

கடைசியாக, மேலே தள்ளிவைத்த விளைவு. தேனியில் ரயில் ஏற்றிவிட்ட அப்பா இரவு பத்தரைக்குப் போன் போடுகிறார். அவர் மனத்தில் ஓடிக்கொண்டிருப்பது வத்தலக்குண்டு வழியாகப் போகும் பஸ்.

"செம்பட்டி தாண்டியாச்சாம்மா?"

"இல்லப்பா. மதுரை வரப்போகுது."

"மதுரையா? மெட்ராசுக்குப் போறவ மதுரைக்கு எதுக்கும்மா போன?"