நிற்காத கடமை

சிறுசேரி சிப்காட்டில் இரவுப்பணி பார்க்கும் தம்பிகளே, உங்கள் பைத்தான் ஸ்கிரிப்டை யாரும் குறை சொல்லக் கூடாது. 500 கோப்புகள், கோப்புக்கு ஒரு ‘ஓஎஸ்.சிஸ்டம்’. கன்ட்ரோல்-சி தட்டினால் ஓடும் கட்டளை மட்டும் சாகும். அந்நேரம் தாய் நிரலுக்குக் காது கேட்காது, அடுத்த கோப்புக்குப் போய்விடும். என்ன கடமையுணர்ச்சி! செத்த சேதி திரும்பி வரும் எண்ணில் இருக்கிறதாம். அதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தால் வேலை நடக்குமா? 500 முறை தட்டுங்கள், விரலுக்கும் பயிற்சி.

மாமல்லபுரத்துச் சிற்பிகளுக்கு இந்தச் சாமர்த்தியம் இல்லை. பீம ரதத்தின் அடிப்பகுதியைப் பாதியில் விட்டு உளியைக் கீழே வைத்துவிட்டார்கள். அந்த அரைகுறையையும் சேர்த்துத்தான் யுனெஸ்கோ 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

தயவுசெய்து ‘சப்பிராசஸ்.ரன்’ பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். முதல் தட்டிலேயே நின்று தொலைக்கும்.