இரண்டு குந்தன் லால், ஒரு பட்டர் சிக்கன்

பட்டர் சிக்கனை முதலில் சமைத்தவர் குந்தன் லால் குஜ்ராலா, அவருடைய கூட்டாளி குந்தன் லால் ஜக்கியா? பழைய டெல்லி மோதி மகால் உணவகத்தின் குஜ்ரால் வாரிசுகளும் ஜக்கி தரப்பின் ‘தரியாகஞ்ச்’ உணவகத்தாரும் 2024 ஜனவரி முதல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் மோதுகிறார்கள். மனு 2,752 பக்கம்.

செய்முறை அரைப் பக்கம்தான்: தந்தூரிக் கோழி, தக்காளி, வெண்ணெய், க்ரீம், கசூரி மேத்தி.

அதை நம்பி மயூர் விகார் அடுக்ககத்தில் களமிறங்குகிறவருக்குத் தந்தூர் அடுப்பு ஏது? கிண்ணத்தில் கரித்துண்டைக் கனலவிட்டு, நெய் ஊற்றி, சட்டிக்குள் வைத்து மூடுகிறார். புகையில் கால்வாசி கோழிக்கு, முக்கால்வாசி ஹாலுக்கு.

கொலஸ்ட்ரால் பயத்தில் வெண்ணெயைப் பாதியாக்கினால் தக்காளி பல்லைக் கூசவைக்கிறது. சர்க்கரை போடுகிறார், இனிக்கிறது. மிளகாய்த்தூள் போடுகிறார், எரிகிறது. இதற்குள் பிள்ளைகள் ஸ்விக்கியில் ஆர்டர் போட்டாயிற்று.